இடிக்கும் முன் பங்கிடுங்கள்

 

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையில் கேம்ப் ரோட்டையும் இராஜகீழ்ப்பாக்கத்தையும் கடந்து செம்பாக்கத்தின் உட்தெருக்களில் நுழைந்து பாருங்கள். வேப்பமரமும் கிணறும் திண்ணையுமாக நின்ற தனி வீடுகள் ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. அதே மனையில், கீழே வாகனங்கள் நிறுத்தவும் மேலே குடியிருக்கவுமாக அடுக்குமாடிகள் எழுகின்றன. தெருமுனையில் பெட்டிக்கடையும் தையற்கடையும் இருந்த இடத்தில் கண்ணாடிக் கதவுகள் போட்ட பெரிய கடைகள் வந்துவிட்டன.

இவ்வூர் ஏரிப்பாசன ஊராக இருந்ததாகும். சிட்லப்பாக்கம் ஏரியின் உபரிநீர் செம்பாக்கம் ஏரிக்கு வந்து, நன்மங்கலம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சென்றடையும். தாம்பரத்துக்கு 1931-இல் மின்சார இரயில் வந்தது. 1937-இல் கிறிஸ்தவக் கல்லூரி வந்தது. 1984-இல் சானடோரியத்தில் ஏற்றுமதி மண்டலம் வந்தது. சுற்றுப்புற வயல்கள் மனைகளாயின. மாதச் சம்பளக்காரர்களும், வளைகுடா நாடுகளில் வியர்வை சிந்தியவர்களும் அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு என்று வாங்கி வீடு கட்டினார்கள். 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவானபோது செம்பாக்கமும் அதில் சேர்ந்தது. வயல் மனையாயிற்று, மனை இன்று அடுக்காகிறது.

இந்த மாற்றத்தை நான் குறை கூற வரவில்லை. பழுதடைந்த வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டுவதில் மார்க்கத் தடை ஏதுமில்லை. இம்மாதம் நான் கேட்க விரும்புவது ஒரே ஒரு கேள்விதான். ‘பில்டர்’ என்று நாம் அழைக்கும் கட்டட நிறுவனத்தார் வாசலில் வந்து நிற்கும்போது, எத்தனை அறை, என்ன கல், எவ்வளவு முன்பணம் என்றெல்லாம் பேசுகிறோம். “இந்த வீடு யாருடையது?” என்று மட்டும் நமக்குள் கேட்டுக்கொள்கிறோமா?

“இது என்ன கேள்வி? எங்கள் அத்தா வீடு, எங்களுடையது” என்பீர்கள். அத்தா என்றழைத்தாலும் வாப்பா என்றழைத்தாலும் சரி, அந்த ‘எங்கள்’ என்னும் சொல்லுக்குள் யார் யார் அடங்குகிறார்கள் என்பதிலேதான் குடும்பங்களின் நிம்மதியும் மறுமையின் கணக்கும் இருக்கின்றன.

உஹதுக்குப் பின் வந்த ஒரு தாய்

ஹிஜ்ரி 3-ஆம் ஆண்டு உஹதுப் போரில் ஸஅத் இப்னு ரபீஃ (ரலி) என்னும் நபித்தோழர் ஷஹீதானார். அவருடைய சகோதரர் வந்து சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். அக்கால அரபுநாட்டு வழக்கம் அதுவே. வாளேந்திப் போரிட இயலாத பெண்ணுக்கும் குழந்தைக்கும் வாரிசுரிமை கிடையாது. ஸஅதின் மனைவி தம் இரு பெண்மக்களையும் அழைத்துக்கொண்டு அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். பொருளில்லாத பெண்களை யார் மணப்பார்கள் என்பது அந்தத் தாயின் கவலை. இறைவன் இதில் தீர்ப்பளிப்பான் என்று பெருமானார் (ஸல்) கூறினார்கள். அதன்பின் வாரிசுரிமை வசனம் இறங்கிற்று. பெண்மக்கள் இருவருக்கும் மூன்றில் இரண்டு பங்கும், மனைவிக்கு எட்டில் ஒரு பங்கும் கொடுத்துவிட்டு எஞ்சியதை எடுத்துக்கொள்ளுமாறு அந்தச் சகோதரருக்கு உத்தரவிடப்பட்டது. திர்மிதீ, அபூதாவூத் ஆகிய நபிமொழித் தொகுப்புகளில் இச்செய்தி பதிவாகியுள்ளது.

ஆக, ஆண் ஒருவர் முழுச் சொத்தையும் அள்ளிக்கொள்ள, விதவையும் பெண்மக்களும் நியாயம் கேட்டு நின்றபோது அருளப்பட்ட சட்டம் இது. திருமறையின் அந்நிஸா அத்தியாயத்தில் 11, 12-ஆம் வசனங்கள் பங்குகளை வகுக்கின்றன. தொழுகையின் ரக்அத்துகளின் எண்ணிக்கையைக்கூட நபிவழியில்தான் அறிகிறோம். வாரிசுப் பங்குகளையோ இறைவன் எட்டில் ஒன்று, ஆறில் ஒன்று என்று எண்ணிக்கையாகவே தன் மறையில் கூறிவிட்டான். அடுத்த இரு வசனங்களில் இவை தன் வரம்புகள் என்று அறிவித்து, மீறுவோரை எச்சரிக்கவும் செய்கிறான்.

நாட்டுச் சட்டமும் இதையே ஏற்றுள்ளது. 1937-ஆம் ஆண்டின் முஸ்லிம் தனியார் சட்ட ஷரீஅத் சட்டம், வேளாண் நிலத்தை முதலில் விட்டுவைத்தது. சென்னை மாகாணத்தில் 1949-இல் செய்யப்பட்ட திருத்தம் அந்த விலக்கையும் நீக்கிவிட்டது. ஆகவே வயலாயினும் மனையாயினும் தமிழகத்து முஸ்லிமின் சொத்து ஷரீஅத் முறைப்படியே இறங்கும். தமிழகத்து ஹிந்துச் சகோதரிகளுக்குக் குடும்பச் சொத்தில் ஆண்மக்களுக்குச் சமமான பிறப்புரிமை 1989-இல் கிடைத்தது. நாடு முழுவதும் 2005-இல் கிடைத்தது. நம் பெண்களுக்கோ பங்கு பதினான்கு நூற்றாண்டுகளாக உண்டு. ஆனால் அவர்களுள் எத்தனை பேருக்கு அது கையில் கிடைத்தது என்று கேட்டால் நாம் தலைகுனியத்தான் வேண்டியுள்ளது.

2,400 சதுர அடியின் கணக்கு

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முதலில் பத்திரம் யார் பெயரில் உள்ளது என்று பாருங்கள். அம்மா பெயரில் வாங்கப்பட்டு அது அம்மாவுடைய சொத்தாகவே இருந்தால், அவர் உயிரோடிருக்கும்வரை பிள்ளைகள் எவருக்கும் அதில் வாரிசுப் பங்கில்லை. உயிருள்ளவரின் சொத்துக்கு வாரிசு கிடையாது.

பத்திரம் அத்தா பெயரில் இருந்து அவர் மவுத்தாகிவிட்டார் எனக் கொள்வோம். அடக்கச் செலவு, அவர் வைத்துச் சென்ற கடன், வாரிசல்லாதோருக்கு அவர் செய்த மூன்றில் ஒன்றுக்கு மேற்படாத வஸிய்யத் ஆகியவை முதலில் கழியும். கடன் என்றதும் வங்கியையும் மளிகைக் கடையையும் மட்டும் நினைக்காதீர்கள். மனைவிக்குக் கொடுக்காது விட்ட மஹரும் கடனே. நிகாஹ் புத்தகத்தில் எழுதி நாற்பதாண்டுகள் கடந்தாலும் அது கடனே.

எஞ்சிய சொத்து ஒரு கிரவுண்டு மனை; அதாவது 2,400 சதுர அடி. வாரிசுகள் மனைவி, இரு ஆண்மக்கள், இரு பெண்மக்கள். இறந்தவரின் பெற்றோர் உயிரோடு இல்லை. இருந்தால் அவர்களுக்கும் ஆளுக்கு ஆறில் ஒரு பங்கு உண்டு. மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 300 சதுர அடி. மீதி 2,100. ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்னும் வீதத்தில் ஆறு பாகமாக்கினால் ஒரு பாகம் 350. ஆண்மக்களுக்கு ஆளுக்கு 700. பெண்மக்களுக்கு ஆளுக்கு 350.

இந்தப் பங்கு எப்போது அவர்களுக்குச் சொந்தமாகிறது? பத்திரம் எழுதும்போதன்று, அண்ணன் மனமிரங்கும்போதும் அன்று. தகப்பனாரின் உயிர் பிரிந்த அந்த நொடியிலேயே சொந்தமாகிவிடுகிறது. ஆகவே தங்கை தன் பங்கைக் கேட்டால் அவள் அண்ணனிடம் யாசிக்கவில்லை. தன் பொருளைக் கேட்கிறாள். அவளுடைய 350 சதுர அடியை அவள் சம்மதமின்றி விற்கும் அதிகாரம் அண்ணனுக்கு ஷரீஅத்திலும் இல்லை, நாட்டுச் சட்டத்திலும் இல்லை.

வீட்டின் முன்புறத்தில் கடை இருந்தால் கணக்கில் இன்னும் கவனம் வேண்டும். அத்தா நடத்திய மளிகைக் கடையை அவருக்குப்பின் மூத்த மகன் நடத்துகிறார். கட்டடம் அனைவருக்கும் உரியது. அத்தா விட்டுச்சென்ற சரக்கும், கடை வாடிக்கையாளர் தரவேண்டிய பாக்கியும் அனைவருக்கும் உரியவை. மகன் பின்னர் தன் முதலைப் போட்டு, தன் உழைப்பால் பெருக்கியது அவருக்குரியது. இதை அன்றே எழுதி வைத்திருந்தால் எளிது. இருபதாண்டுகள் கழித்து, பெரிய கடைகளின் போட்டியால் வியாபாரம் நொடித்து, இடத்தை இடிக்கலாம் என்று முடிவாகும் நாளில் பிரித்தறிவது கடினம். கடையை வெளியாருக்கு வாடகைக்கு விட்டிருந்தால் அந்த வாடகையிலும் சகோதரிகளுக்குப் பங்குண்டு என்பதை மறவாதீர்கள்.

சொல்லப்படும் சமாதானங்கள்

பங்கு கேட்கும் பெண்ணிடம் நம் வீடுகளில் சொல்லப்படும் பதில்கள் நீங்கள் அறிந்தவையே.

“உன் கல்யாணத்துக்கு நகை போட்டோம்; சீர் செய்தோம்; அதோடு சரியாகிவிட்டது” என்பது முதலாவது. தகப்பனார் தம் வாழ்நாளில் மகளுக்குக் கொடுத்தது அன்பளிப்பு. அவர் மரணத்துக்குப்பின் இறைவன் கொடுப்பது பங்கு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. மகனைப் படிக்க வைத்த செலவையும், அவனை வெளிநாட்டுக்கு அனுப்பிய செலவையும் நாம் அவன் பங்கில் கழிப்பதில்லையே! மாப்பிள்ளை வீட்டாருக்குக் கைக்கூலி கொடுத்த பாவத்தைக் காட்டிப் பெண்ணின் உரிமையைப் பறிப்பது, ஒரு தவற்றைக் கொண்டு இன்னொரு தவற்றை நியாயப்படுத்துவதாகும்.

“அத்தா எனக்கு வாயாலேயே கொடுத்துவிட்டார்” என்பது இரண்டாவது. வாய்மொழி ஹிபா மார்க்கத்தில் செல்லும், நாட்டிலும் செல்லும். சொத்து மாற்றுச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு முஸ்லிம்களின் ஹிபாவுக்கு விலக்களிக்கிறது. அது எழுத்தில் இருந்தாலும் பதிவு கட்டாயமன்று என்று 2011-இல் உச்ச நீதிமன்றமும் கூறியது. ஆனால் கொடுப்பதாகச் சொல்லுதல், ஏற்றுக்கொள்ளுதல், பொருளைக் கைவசம் ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் நிறைவேறியிருக்க வேண்டும். அத்தா கடைசிவரை தம் பெயரிலேயே வரி கட்டி, தாமே வாடகை வாங்கி, தாமே அனுபவித்திருக்க, அவர் கபுருக்குச் சென்றபின் ஒரு மகன் மட்டும் ஹிபாவைச் சொன்னால் அதற்கு ஆதாரம் வேண்டாமா? மரணப் படுக்கையில் கொடுக்கப்பட்டதாயின் அது வஸிய்யத்தின் வரம்புக்குள் வந்துவிடும். தம் பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் கொடுத்த அன்பளிப்புக்குச் சாட்சி கேட்டு வந்த நபித்தோழரிடம், எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறு கொடுத்தீரா என்று வினவி, இல்லை என்றதும் சாட்சியாக இருக்க மறுத்தார்கள் அண்ணலார் (ஸல்). நுஃமான் இப்னு பஷீர் (ரலி) தம் தந்தையைக் குறித்து அறிவித்த செய்தி இது.

“அவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்” என்பது மூன்றாவது. மிக நுட்பமானதும் இதுதான். தகப்பனார் உயிரோடிருக்கும்போதே திருமணத்தை ஒட்டி மகளிடம் எழுதி வாங்கும் ‘பங்கு வேண்டாம்’ என்னும் காகிதம் பொதுவாகச் செல்லாது. இன்னும் கிடைக்காத உரிமையை எப்படி விடுவது? அதற்காகப் பணம் பெற்றுக்கொண்டவர் பின்னர் மறுத்தால் நீதிமன்றம் தடுக்கக்கூடும் என்பது வேறு செய்தி. தகப்பனார் இறந்தபின் மனமுவந்து விட்டுக்கொடுப்பது கூடும். ஆனால் தன் பங்கு எவ்வளவு, அதன் இன்றைய விலை என்ன என்று தெரியாமல், “கேட்டால் தாய்வீட்டு வாசல் அடைபட்டுப் போகும்” என்று அஞ்சி அவள் தலையசைப்பது மனமுவந்ததாகுமா? பெருநாளைக்கு வந்த தங்கையை நடுக்கூடத்தில் உட்கார வைத்து, “கையெழுத்துப் போடும்மா, பில்டர் காத்திருக்கிறார்” என்று பேனாவை நீட்டுவது சம்மதம் வாங்குவதன்று.

ஒரு வாரிசு, தன் பங்குக்கு ஈடாக ஒரு தொகையையோ பொருளையோ பெற்றுக்கொண்டு விலகுவதற்கு ஃபிக்ஹில் ‘தகாருஜ்’ என்னும் முறை உண்டு. அது பேரம், எனவே இருதரப்பும் பொருளையும் விலையையும் அறிந்திருக்க வேண்டும். தங்கைக்கு விலையைச் சொல்லுங்கள். பிறகு அவள் விட்டால் அது அவளுடைய பெருந்தன்மை.

ஒப்பந்தத்தில் மறைந்திருப்பவை

இனி அடுக்குமாடிக்கு வருவோம். பழைய வீட்டுக்காரர் மனையைக் கொடுக்க, பில்டர் தம் செலவில் கட்டி, வீடுகளை இருவரும் பிரித்துக்கொள்ளும் முறையே இப்பகுதியில் ‘ஜாயின்ட் வென்ச்சர்’ எனப்படுகிறது. தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி, உயரமல்லாத சாதாரணக் கட்டடங்களுக்கு மனையின் பரப்பைப்போல் இரு மடங்கு தளப்பரப்பு கட்டலாம். 2,400 சதுர அடியில் 4,800. பாதிக்குப் பாதி எனப் பேசினால் குடும்பத்துக்கு 2,400 சதுர அடி வரும். 800 சதுர அடியில் மூன்று வீடுகள் என்று வைத்துக்கொள்வோம்.

வாரிசுகளோ ஐவர், வீடுகள் மூன்று. வழக்கமாக என்ன நடக்கிறது? ஆண்மக்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்கிறார்கள். மூன்றாவது ‘அம்மாவுக்கு’ என்று சொல்லப்பட்டு, அம்மாவுக்குப்பின் அதுவும் ஆண்மக்கள் கைக்கே போய்விடுகிறது. பெண்மக்களின் பெயர் காற்றில் கரைந்துவிடுகிறது.

சரியான கணக்கு என்ன? இங்கும் பங்குகள் அம்மாவுக்கு 300, ஆண்மக்களுக்கு 700 வீதம், பெண்மக்களுக்கு 350 வீதம். ஆண்மக்கள் ஆளுக்கு 800 சதுர அடி வீட்டை எடுத்தால், ஒவ்வொருவரும் தம் பங்குக்கு மேல் 100 சதுர அடி எடுக்கிறார்கள். அம்மாவுக்கும் இரு சகோதரிகளுக்கும் சேரவேண்டியது 1,000. மூன்றாவது வீடோ 800. ஆகவே ஆண்மக்கள் இருவரும் ஆளுக்கு 100 சதுர அடியின் விலையை அம்மூவருக்கும் கொடுத்தாக வேண்டும். மூன்றாவது வீட்டின் பத்திரம் அம்மூவர் பெயரிலும் இருக்க வேண்டும். அதை வாடகைக்கு விட்டால் அம்மாவுக்கு 6, மகள்களுக்கு 7, 7 என்ற வீதத்தில் வாடகை பிரியும். எவ்வளவு எளிய கணக்கு! இதைப் போடாததால் எத்தனை வீடுகளில் பேச்சுவார்த்தையே நின்றுபோயிருக்கிறது!

வீட்டின் பரப்பை மட்டும் பார்க்காதீர்கள். நிலத்தில் பிரிபடாத பாகம் எவ்வளவு என்பதையும் பாருங்கள். கட்டடம் ஒருநாள் பழுதாகும்; நிலத்தின் பாகமே எஞ்சும். வாகனம் நிறுத்தும் இடம் யாருக்கு, கட்டி முடியும்வரை குடும்பம் தங்கும் வீட்டின் வாடகையை யார் கொடுப்பது, குறித்த காலத்தில் முடிக்காவிட்டால் இழப்பீடு என்ன என்பனவும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் அறிய வேண்டும். கட்டட மனைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-இல் வந்தது. வாங்குவோருக்கு அது நல்ல பாதுகாப்பு. ஆனால் மனை 500 சதுர மீட்டருக்கு மேற்படாதிருந்தாலோ, வீடுகள் எட்டுக்கு மேற்படாதிருந்தாலோ அதன்கீழ்ப் பதிவு கட்டாயமில்லை. ஒரு கிரவுண்டு என்பது ஏறக்குறைய 223 சதுர மீட்டரே. ஆகவே நம் தெருக்களில் எழும் சிறு அடுக்குமாடிகளுக்கு அப்பதிவு இல்லாமலே போகலாம். அந்நிலையில் உங்களுக்குப் பெருங்காவல் நீங்கள் எழுதிப் பதிவுசெய்யும் ஒப்பந்தமே. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும் சாட்சி வைக்கவும் கட்டளையிடும் அல்பகராவின் 282-ஆம் வசனமே திருமறையின் மிக நீண்ட வசனம் என்பதைச் சிந்தியுங்கள். நம்பிக்கை வேறு, எழுத்து வேறு. எழுத்தே நம்பிக்கையைக் காக்கும்.

‘பவர்’ பத்திரத்தில் மிகுந்த எச்சரிக்கை தேவை. பொது அதிகாரப் பத்திரத்தின் மூலமாக மட்டும் உரிமை மாறிவிடாது என்று 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அசையாச் சொத்துக்கான அதிகாரப் பத்திரங்களைப் பதிவு செய்வதை 2012-இல் தமிழகம் கட்டாயமாக்கிற்று. சகோதரிகள் ஒரு சகோதரருக்குப் பவர் கொடுப்பதாயின், விற்கவா, கட்ட மட்டுமா, எந்த அளவுக்கு என்று வரையறுத்துக் கொடுங்கள். பில்டருக்குக் கொடுக்கும் பவர் அவருடைய பாகத்துக்கு மட்டுமே இருக்கட்டும்.

யதீம்களின் பங்கு

வாரிசுகளில் ஒருவர் சிறு பிள்ளைகளை விட்டு இறந்திருந்தால் இன்னும் நடுங்க வேண்டியுள்ளது. தகப்பனாருக்குப்பின் இறந்த மகனின் பங்கு அவர் மனைவி மக்களுக்கும் தாய்க்கும் இறங்கும். அந்தச் சிறுவர்களுக்காகத் தாய் கையெழுத்திட்டால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். நம் நாட்டில் வழங்கும் முஸ்லிம் சட்டப்படி, தாய் பிள்ளையை வளர்க்கும் உரிமையுடையவரேயன்றிச் சொத்துக்குத் தாமாகவே பாதுகாவலர் ஆகமாட்டார். 1918-ஆம் ஆண்டிலேயே பிரிவி கவுன்சில் இதை உறுதிசெய்தது. தகப்பன் வழிப் பாட்டனாரோ, அவர்களால் நியமிக்கப்பட்டவரோ இல்லாவிடில் நீதிமன்றத்தின் நியமனமும் அனுமதியும் வேண்டும். காலதாமதம்தான், செலவுதான். ஆனால் யதீம்களின் பொருளை அநியாயமாக உண்போர் தம் வயிற்றில் நெருப்பையே நிரப்புகிறார்கள் என்னும் கருத்தில் எச்சரிக்கும் மறையை நம்புகிறவர்கள், அந்தத் தாமதத்தைப் பொறுக்கலாமே.

தகப்பனாருக்கு முன்பே மகன் இறந்து, வேறு ஆண்மக்கள் இருந்தால் அந்தப் பேரப்பிள்ளைகள் வாரிசாவதில்லை. அவர்களுக்காகத்தான் மூன்றில் ஒன்றுவரை வஸிய்யத் செய்யும் வாசல் திறந்திருக்கிறது. உயிரோடிருக்கும் பாட்டனார்கள் இன்றே இதனைக் கவனிக்கட்டும்.

என்ன செய்ய வேண்டும்?

முதலில் இறப்புச் சான்றிதழும், வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழும் பெறுங்கள். வாரிசுச் சான்றிதழ் வாரிசுகள் யார் என்று காட்டுமேயன்றிப் பங்கு எவ்வளவு என்று காட்டாது. பங்கை ஃபராயிள் அறிந்த ஓர் ஆலிமிடம் எழுதி வாங்கி, வழக்கறிஞரிடமும் காட்டுங்கள். தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், பட்டா ஆகியவற்றைச் சரிபாருங்கள். பாட்டனார் பெயரிலேயே பட்டா நிற்குமானால் அதனை எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக மாற்றுங்கள்.

அதன்பின், பில்டரிடம் கையெழுத்திடுவதற்கு முன்னரே, உங்களுக்குள் பாகப்பிரிவினைப் பத்திரமோ விடுதலைப் பத்திரமோ எழுதிப் பதிவு செய்யுங்கள். செலவுக்கு அஞ்ச வேண்டாம். வெளியாருக்கு விற்றால் முத்திரைத்தாள் 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் ஆகும். குடும்பத்தினருக்குள் எழுதப்படும் பாகப்பிரிவினை, விடுதலை ஆகியவற்றுக்கு முத்திரைத்தாள் 1 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 1 விழுக்காடு. அவற்றுக்கும் உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலையில் அந்த வரம்புகள் முறையே 40,000 ரூபாயாகவும் 10,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன. சகோதரி விட்டுப்போன ஒரு பத்திரத்தால் வரக்கூடிய வழக்கின் செலவோடு ஒப்பிட்டால் இது அற்பமே. ஒரு வாரிசின் கையெழுத்து இல்லையென்றால் வீடு வாங்குவோருக்கு வங்கி கடன் தராது. அந்த வாரிசு பாகம் கோரித் தடையுத்தரவு பெற்றால், பாதி எழும்பிய தூண்கள் மழையில் துருப்பிடித்து நிற்கும்.

எந்த வீடு யாருக்கு என்பதில் சண்டை வரும். சாலை பார்த்தது ஒருவருக்கு, பின்புறம் பார்த்தது ஒருவருக்கு. இதற்கும் வழிகாட்டுதல் இருக்கிறது. சாட்சிகளற்ற பழைய வாரிசுச் சொத்தைக் குறித்து வழக்காடி இருவர் பெருமானாரிடம் (ஸல்) வந்தார்கள். வாதத் திறமையால் பிறர் உரிமையைப் பெற்றவருக்கு, தாம் தீர்ப்பளித்துத் தந்தாலும் அது நெருப்புத் துண்டே என்னும் கருத்தை அண்ணலார் எடுத்துரைத்தார்கள். இருவரும் அழுது, என் உரிமையை என் சகோதரனுக்கே விட்டேன் என்றார்கள். அப்போதும் அண்ணலார், விட்டுவிடுங்கள் என்று அனுப்பிவிடவில்லை. நீதியை நாடிப் பங்கிட்டு, சீட்டுக் குலுக்கி எடுத்து, ஒருவரையொருவர் மன்னித்துக்கொள்ளச் சொன்னார்கள். கண்ணீர் வந்த பின்னும் கணக்கு வேண்டும் என்பதே இதன் பாடம். முதலில் மதிப்பைச் சமன் செய்யுங்கள். பிறகு அம்மாவின் கையால் சீட்டை எடுக்கச் சொல்லுங்கள்.

நிலத் தரகராகவும் கட்டட ஒப்பந்தக்காரராகவும் தொழில் செய்யும் சகோதரர்களுக்கு ஒரு சொல். “தங்கையைச் சரிக்கட்டி விடுங்கள்” என்று யோசனை சொல்லாதீர்கள். பிறர் நிலத்தில் ஒரு சாண் அபகரித்தவருக்கு ஏழு பூமிகள் கழுத்தில் மாட்டப்படும் என்னும் பொருள்பட வந்துள்ள நபிமொழி, அபகரிக்க வழி காட்டியவரையும் கலங்கச் செய்ய வேண்டும். வீடு வாங்க வரும் சகோதரர்களே, நீங்களும் பெண் வாரிசுகளின் கையெழுத்தைத் தேடிப் பாருங்கள். விற்றவருக்கு உள்ள உரிமையைவிட அதிகமாக உங்களுக்குக் கிடைக்காது.

சகோதரிகளே, நீங்கள் பங்கு கேட்பது பேராசையன்று. அதை மரியாதையுடன், எழுத்தில், இடிப்பதற்கு முன்பே கேளுங்கள். அண்ணன் வறியவர், உங்களுக்கு அது தேவையில்லை என்றால் முதலில் உங்கள் பெயரில் கணக்கை எழுதச் செய்து, பிறகு விரும்பிக் கொடுங்கள். அது ஸதகாவாகவும் உறவைப் பேணியதாகவும் அமையும்.

சகோதரர்களே, செம்பாக்கத்தில் உங்கள் தகப்பனார் கட்டிய வீட்டை இடிக்க இயந்திரம் வருவதற்கு முந்திய வாரம், அதே கூடத்தில் எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வையுங்கள். அடுக்குமாடி எழுந்தபின் எல்லோரும் ஒருமுறைகூட இவ்வாறு ஒன்றாக உட்காராமல் போகலாம். ஒரு தாளில் பெயர்களை எழுதுங்கள்; அம்மாவின் பெயரை முதலில் எழுதுங்கள்; அக்கா தங்கையரின் பெயரை விட்டுவிடாதீர்கள்.

வல்ல அல்லாஹ் நம் வீடுகளை ஹலாலான பொருளாலும் இணங்கிய உள்ளங்களாலும் நிரப்புவானாக! ஆமீன்.